தொட்டில் குமாஸ்தா வீட்டுக் கட்டில்

எங்கள் ஆலைத் தெருவில் ஒரு பெண்ணுக்கு மசக்கை என்றால், அவளுடைய மாமியாருக்குத் தெரிவதற்கு முன்னால் தொட்டில் குமாஸ்தாவுக்குத் தெரிந்துவிடும். நடையைப் பார்த்தே மாதத்தைச் சொல்லிவிடுவார். குழாயடியில் வாளியை அடிக்கடி கை மாற்றுகிறாளா, படியேறும்போது கைப்பிடியைத் தேடுகிறாளா, வெங்காயம் வதக்குகிற வாசனைக்கு முகத்தைத் திருப்புகிறாளா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே போவார். அதைக் கெட்ட பார்வை என்று யாரும் சொன்னதில்லை. விளைச்சலைப் பார்க்கிற விவசாயியின் பார்வை அது.

நகரசபைக் காகிதத்தில் அவருடைய வேலைக்குப் பெயர் பிறப்புப் பதிவு எழுத்தர். அதையெல்லாம் சொல்லிக் கூப்பிட எங்கள் தெருவுக்கு ஏது பொறுமை? யாரோ ஒரு குறும்புக்காரி தொட்டில் குமாஸ்தா என்றாள், அது ஒட்டிக்கொண்டது. குழந்தை பிறந்தால் தகப்பன் அலுவலகத்துக்கு வந்து சொல்ல வேண்டும் என்பது சட்டம். பஞ்சுத் தூசியில் நாளெல்லாம் இருமிவிட்டு வருகிற மனுஷன் எங்கே வந்து சொல்லப்போகிறான்? அதனால் குமாஸ்தாவே தோல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, தக்கை அடைத்த மைக்கூட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போவார். வாசலில் நின்று, "ஆணா, பொண்ணா? என்னிக்கு? அப்பன் ஆலையில எந்தப் பிரிவு?" என்று கேட்பார். எழுதி முடித்ததும் குழந்தையின் கன்னத்தைத் தொட்டு, "கணக்குல சேர்ந்துட்டே போ" என்பார். அது ஆசீர்வாதம் மாதிரி இருக்கும். தாய்மார்களுக்கு அது பிடிக்கும்.

அவருடைய வீடும் அலுவலகமும் ஒரே கட்டடம். கீழே அலுவலகம், மேலே இரண்டு அறை. நடுவில் மரப் படிக்கட்டு, படிக்கட்டின் உச்சியில் ஒரு கதவு. வேலையோடு சேர்ந்து வந்த வீடு அது. வாடகை கிடையாது, வேலை போனால் வீடும் கிடையாது. கதவுக்குத் தாழ்ப்பாள் படிக்கட்டுப் பக்கம் இருந்தது. வீட்டுப் பிள்ளைகள் இறங்கி வந்து பதிவேட்டில் மை கொட்டிவிடக் கூடாதே என்று நகரசபை செய்த ஏற்பாடு. காலையில் வேலைக்கு இறங்கும்போது குமாஸ்தா வெளியிலிருந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு போவார். மேலே இருக்கிறவர்கள் தெருவுக்குப் போக வேண்டுமென்றால் பின்பக்க இரும்புப் படியில்தான் இறங்க வேண்டும்; அந்தக் கதவுக்கு மட்டும் தாழ்ப்பாள் உள்ளே இருந்தது.

பின்னறையில் மூன்று பெண்கள் படுப்பார்கள். முன்னறையில் ஒரு கட்டில். அந்தக் கட்டில் ஆறினதே கிடையாது. இரவில் குமாஸ்தா படுப்பார், பகலில் அவர் சம்சாரம் படுப்பாள். அவள் ரொட்டிக் கிடங்கில் இரவு வேலை. ஊர் விழித்ததும் ரொட்டி கேட்கும், அதனால் ஊர் தூங்கும்போது மாவு பிசைய வேண்டும். விடியற்காலையில் மயிரெல்லாம் மாவு அப்பிக்கொண்டு, கையில் ஒரு சூடான ரொட்டியோடு வருவாள். குமாஸ்தா எழுந்திருப்பார். அவர் படுத்த சூடு போவதற்குள் தலையணையை மட்டும் புரட்டிப் போட்டுக்கொண்டு அவள் படுப்பாள். சாயங்காலம் அவர் மேலே வரும்போது அவள் தலைத்துணி கட்டிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருப்பாள். கடைக்குட்டி பிறந்து பால்குடி மறந்ததிலிருந்து இப்படித்தான். கிடங்குக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. அன்றைக்கு, "பொண்ணுங்க என்னைப் பார்த்து வாரம் ஆச்சு" என்று பின்னறையில் பெண்களுக்கு நடுவில் போய்ப் படுத்துக்கொள்வாள்.

இதெல்லாம் இவ்வளவு விவரமாக எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். மாவு பிசைகிறவர்களுக்குக் கைக்குத்தான் வேலை, வாய் சும்மாதான் இருக்கும். கிடங்கில் பேசினது எங்கள் தெருவுக்கு ரொட்டியோடு வந்துவிடும்.

மழைக்காலம் ஆரம்பித்து, ஆலைப் புகையும் தூறலும் சேர்ந்து கொடியில் போட்ட துணியெல்லாம் கறுத்துக்கொண்டிருந்த சமயம். ஒரு நாள் நகரசபையிலிருந்து குமாஸ்தாவுக்குக் கடிதம் வந்தது. சுகாதார அதிகாரி எழுதியிருந்தார். உங்கள் வட்டாரத்தில் பிறப்பு வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே வருகிறது, பக்கத்து வட்டாரங்களில் அப்படி இல்லை, ஆகவே நீங்கள் பிறப்புகளைப் பதிவு செய்யாமல் விடுகிறீர்கள் என்று கருத வேண்டியிருக்கிறது. நகரசபையில் உட்கார்ந்திருக்கும் ஆலை முதலாளி, இப்படியே போனால் நாளைக்கு ஆலைக்கு ஆள் ஏது என்று கேட்கிறார். இந்த மாத முடிவில் நேரில் வருவேன். தகுந்த காரணம் காட்டாவிட்டால் உங்களை இடுகாட்டு அலுவலகத்துக்கு மாற்ற நேரிடும்.

இடுகாட்டு அலுவலகம் ஊருக்கு வெளியே இருந்தது. அங்கே வீடு கிடையாது.

குமாஸ்தாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நான் விடறேனா? என் கண்ணைத் தப்பி ஒரு குழந்தை பிறக்குமா?" என்று தலைத்துணி கட்டிக்கொண்டிருந்த மனைவியிடம் கேட்டார்.

"கோபப்பட்டு என்ன பண்றது? சூப்பு அடுப்புல இருக்கு. பெரியவளை உப்பு பார்க்கச் சொல்லுங்க" என்றாள் அவள்.

"இடுகாட்டுக்கு அனுப்பிட்டா இந்த வீடு போயிடும். மூணு பொண்ணை வெச்சுக்கிட்டு எங்கே போறது?"

அவள் துணியின் முடிச்சை இழுத்து இறுக்கினாள். ஏதோ சொல்ல வந்தவள் மாதிரி நின்றாள். "பொழுது ஆச்சுங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

மறுநாளிலிருந்து குமாஸ்தா துப்பறிய ஆரம்பித்தார். முதலில் கொடிகளைப் பார்த்தார். குழந்தை இருக்கிற வீட்டுக் கொடி பொய் சொல்லாது. எங்கள் தெருவில் எதிரெதிர் வீட்டு ஜன்னலுக்கு ஜன்னல் கயிறு கட்டியிருக்கும், அண்ணாந்து பார்த்தால் ஆகாயமே தெரியாது. முன்னெல்லாம் அந்தக் கயிறு முழுக்கக் குழந்தைத் துணி தொங்கும், கீழே நடக்கிறவன் தலையில் சொட்டும். இப்போது தொங்கினதெல்லாம் பெரியவர்கள் துணி. ஆங்காங்கே ஒன்றிரண்டு சின்னத் துணி இருந்தால் அது அவர் ஏற்கெனவே எழுதின குழந்தையுடையது.

அடுத்து தச்சரிடம் போனார். தெருமுனைத் தச்சர் ஒரு ஸ்டூலுக்குக் கால் இழைத்துக்கொண்டிருந்தார்.

"தொட்டில் விக்குதா?"

"நீங்கதான் தொட்டில், நீங்களே சொல்லுங்க" என்றார் தச்சர். "போன வருஷம் செஞ்சது ரெண்டு அப்படியே கிடக்கு. ஒண்ணுல வெங்காயம் கொட்டி வெச்சிருக்கேன். இன்னொண்ணுல பூனை படுத்திருக்கு. அது மட்டும்தான் குட்டி போடுது."

"ஏன் இப்படி ஆச்சுன்னு நினைக்கறீங்க?"

"எனக்கென்ன தெரியும்? என் பொண்டாட்டியைக் கேட்டா சிரிக்கறா."

குமாஸ்தாவும் பெண்களைக் கேட்டுப் பார்த்தார். எல்லோரும் சிரித்தார்கள். குழாயடியில் ஒருத்தி, "என்ன அண்ணே, கோழிப்பண்ணை வெச்சிருக்கீங்களா, முட்டை குறையுதுன்னு கேக்கறீங்க?" என்றாள். மற்றவர்கள் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். சிரிப்புக்குக் கீழே ஏதோ இருக்கிறது என்று குமாஸ்தாவுக்குப் பட்டது. அதற்குப் பிறகு அவருக்கு வேலை போய்விடுமே என்ற பயத்தைவிட, அது என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்ற குடைச்சல்தான் அதிகம் இருந்தது.

மருத்துவச்சியைத் தேடிப் போனார். எங்கள் தெருப் பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேரை அவள் கைதான் முதலில் தொட்டது. கனத்த உடம்பு, கட்டைக் குரல். அடுப்படியில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தாள்.

"வா தம்பி. என் பிழைப்பு படுத்தது போதாதுன்னு நீயும் வந்துட்டியா?"

"அக்கா, ஒண்ணு கேப்பேன். மறைக்காம சொல்லணும். பதிவு பண்ணாம யாராவது குழந்தையை ஒளிச்சு வெச்சிருக்காங்களா?"

மருத்துவச்சி கத்தியைப் பிடித்தபடியே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "ஒளிச்சு வெக்க அது என்ன உருளைக்கிழங்கா? நம்ம தெருச் சுவரு அட்டை மாதிரி. அடுத்த வீட்டுல விக்கல் எடுத்தா இந்த வீட்டுல தண்ணி குடுக்கறாங்க. குழந்தை அழற சத்தத்தை எந்தப் பானையில போட்டு மூடறது?"

"அப்போ நிஜமாவே பிறக்கலையா?"

"நிஜமாவே பிறக்கல."

"ஏன்?"

"பொம்பளைங்களைக் கேளு."

"கேட்டேன். சிரிக்கறாங்க."

"நானும் சிரிச்சுட்டேன். கணக்குத் தீர்ந்துது."

"உங்க வரும்படி போகுதேக்கா. உங்களுக்கு வருத்தம் இல்லையா?"

மருத்துவச்சி சீவுவதை நிறுத்தினாள். "தம்பி, நான் உள்ளேயிருந்து வெளியே வந்து 'தாயும் பிள்ளையும் சுகம்'னு சொல்ற நாளும் உண்டு. வெளியே வந்து ஒண்ணும் சொல்ல வாய் வராம நிக்கற நாளும் உண்டு. புருஷன் என் முகத்தையே பார்ப்பான். உள்ளே மூத்த பிள்ளைங்க அம்மாவைக் கூப்பிட்டுக்கிட்டு இருக்கும். அந்த மாதிரி நாள் குறையுதுன்னா நான் வெறும் உருளைக்கிழங்கு தின்னுட்டு இருந்துக்கறேன்."

குமாஸ்தா அப்புறமும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"இன்னும் என்ன?"

"ஏன்னு சொல்லலையேக்கா."

"விடமாட்டியே! சாயங்காலம் சங்கு ஊதற நேரத்துக்கு ஆலை வாசல்ல போய் நில்லு. கண்ணு இருந்தா தெரியும்." அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "உனக்குக் கண்ணு இருக்கான்னுதான் எனக்குச் சந்தேகம்."

அன்றைக்குச் சாயங்காலம் குமாஸ்தா ஆலை வாசலில் நின்றார். ஆலையில் மின்விளக்கு வந்து சில வருஷம் ஆகியிருந்தது. விளக்கு வந்த பிறகு எந்திரத்துக்கு ராத்திரி பகல் கிடையாது. பகல் ஆட்கள் வெளியே வரும்போது இரவு ஆட்கள் உள்ளே போவார்கள். சங்கு ஊதியது. பெரிய கதவு திறந்தது. உள்ளேயிருந்து வெப்பமும் எண்ணெய் நாற்றமும் வெளியே அடித்தன. பஞ்சு ஒட்டின தலைகளோடு ஆண்கள் வந்தார்கள். வெளியே தூறலில் பெண்கள் காத்திருந்தார்கள்.

குமாஸ்தா பார்த்துக்கொண்டே நின்றார். நூற்புப் பிரிவுக்காரன் ஒருவன் வெளியே வந்தான். அவனுடைய மனைவி கூட்டத்திலிருந்து முன்னால் வந்து வீட்டுச் சாவியை அவன் கையில் வைத்தாள். "சின்னவனுக்கு இருமல், கஷாயம் ஜன்னல்ல இருக்கு" என்றாள். அவன் தன் சாப்பாட்டு டப்பாவைப் பிரித்து, "இதுல ஒரு துண்டு மிச்சம் இருக்கு, தின்னுட்டுப் போ" என்றான். அவள் உள்ளே போனாள். அவன் வீட்டுக்குப் போனான். பின்னாலேயே இன்னொரு சாவி கை மாறியது. அப்புறம் இன்னொன்று. ஒருத்தி சாவியோடு தூங்கி வழிகிற குழந்தையையும் புருஷன் தோளில் மாற்றிப் போட்டுவிட்டு ஓடினாள். வாசல் முழுக்க இதே வேலையாக இருந்தது. இத்தனை வருஷம் இந்த வழியாகப் போயிருக்கிறார், சாவிச் சத்தத்தை அவர் கேட்டதே இல்லை.

வாசல் ஓரத்தில் ஷிப்ட் அம்மா நின்று பெயர் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். பெண்களில் யார் பகல், யார் இரவு என்று பிரித்துப் போடுகிற மேஸ்திரி அவள்தான்.

"என்ன தொட்டிலாரே, ஆலையில சேரப்போறீங்களா?"

"இங்கே புருஷன் பொண்டாட்டி சேர்ந்து ஒரே நேரத்துல வேலைக்கு வரதே இல்லையா?"

"ஏன், புதுசா கல்யாணம் ஆனவங்க வராங்களே" என்று ஷிப்ட் அம்மா கண்ணைச் சிமிட்டினாள். அப்புறம் குரலைத் தாழ்த்தினாள். "ரெண்டு மூணு பெத்தாச்சுன்னா என்கிட்ட வந்து நிப்பாங்க. 'அவர் பகல்ல இருக்காரும்மா, என்னை ராத்திரிக்குப் போட்டுடுங்க'ன்னு கேப்பாங்க. போட்டுடுவேன். காரணம் நான் கேக்கறதில்லை. அவங்களும் சொல்றதில்லை."

"ஆலை முதலாளிக்கு இது தெரியுமா?"

"அவருக்கு நூல் வந்தா போதும். தெரிஞ்சா முதல்ல என் வேலை போகும், அப்புறம் எல்லாரையும் புருஷனோட சேர்த்துப் பகலுக்குப் போடுவார். நீங்க சொல்லுவீங்களா?"

அவள் சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். குமாஸ்தாவும் சிரித்துவிட்டு நடந்தார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. கண்டுபிடித்துவிட்டார்! யாரும் ஒளிக்கவில்லை, அவரும் விடவில்லை. ஒரு வட்டாரமே கட்டிலைப் பங்கு போட்டுக்கொண்டு, ஒருவர் எழுந்த பிறகு ஒருவர் படுத்துக்கொண்டு, பிறப்பு விகிதத்தைக் கீழே இறக்கிவிட்டது. எந்தப் புத்தகத்திலும் இது இருக்காது. சுகாதார அதிகாரி அசந்துபோவார். இடுகாட்டுப் பேச்சே இருக்காது, சம்பளம் கூட்டிக் கொடுத்தாலும் கொடுப்பார்கள். மறுநாள் முழுக்கக் கீழே உட்கார்ந்து அறிக்கை எழுதினார். நல்ல தடித்த காகிதத்தில், அழகான கையெழுத்தில்.

சாயங்காலம் மேலே வந்தபோது அவர் சம்சாரம் வழக்கம்போல் கண்ணாடி முன் நின்று மயிரைத் துணிக்குள் திணித்துக்கொண்டிருந்தாள். பெரியவள் அடுப்படியில் காரட் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஒரு நிமிஷம் நில்லு. இதைக் கேட்டுட்டுப் போ" என்று குமாஸ்தா கட்டில் விளிம்பில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தார். "'மனைவி இரவிலும் கணவன் பகலிலுமாக வேலை செய்வதால் இருவரும் ஒரே படுக்கையை வெவ்வேறு நேரங்களில் உபயோகிக்கின்றனர். மனைவி வீடு திரும்பும்போது கணவன் எழுந்துவிடுகிறான். இது தற்செயலாக நேர்ந்ததன்று. பெண்கள் இதைக் கேட்டுப் பெறுகின்றனர். கணவன்மார் இதை அறிந்ததாகத் தெரியவில்லை...' எப்படி இருக்கு?"

அவள் கண்ணாடியிலிருந்து திரும்பினாள். தலைத்துணியில் குத்த எடுத்த ஊசியை மெதுவாக ஜன்னல் மேடையில் வைத்தாள்.

"பெரியவளே, தங்கச்சிங்களைக் கூட்டிக்கிட்டுப் பின்பக்கம் போம்மா. காரட்டை அப்புறம் நறுக்கலாம்."

பெண் போனாள். கதவைச் சாத்திக்கொண்டு வந்து அவள் அவர் எதிரில் நின்றாள்.

"இதைப் படிச்சீங்களே. உங்களுக்கு ஒண்ணும் தோணலையா?"

"என்ன தோணணும்? ஏதாவது விட்டுப்போச்சா?"

"எந்தக் கட்டில்ல உட்கார்ந்து படிக்கறீங்க?"

குமாஸ்தா கட்டிலைப் பார்த்தார். பக்கத்தில் தலையணை இருந்தது, அவள் புரட்டிப் போட்ட பக்கம் மேலாக. அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறினதை அவள் பார்த்துக்கொண்டே நின்றதாகப் பிறகு கிடங்கில் சொன்னாளாம். சிரிப்பு வந்ததாம், கூடவே அழுகையும் வந்ததாம்.

"நீ... வீட்டுச் செலவுக்குன்னுதானே வேலைக்குப் போனே?"

"அதுவும்தான்."

"நான் என்ன கொடுமை பண்ணினேன் உனக்கு? ஒரு நாள் கை ஓங்கியிருக்கேனா?"

"இல்லை. நீங்க நல்லவர். அதனாலதான் சொல்ல வரல." அவள் கட்டிலின் அந்தக் கோடியில் உட்கார்ந்தாள். "கடைக்குட்டி பிறந்தப்போ ஞாபகம் இருக்கா? ரத்தம் நிக்கவே இல்லை. மருத்துவச்சி அக்கா துணி மேல துணியா வெச்சு அமுக்கிக்கிட்டு இருந்தாங்க. 'இன்னொண்ணு வந்தா உன்னை என்னால காப்பாத்த முடியாதுடி'ன்னு என் காதுல சொன்னாங்க. அப்போ நீங்க உள்ளே வந்தீங்க. குழந்தையைத் தூக்கினீங்க. என்ன சொன்னீங்க, நினைச்சுப் பாருங்க."

குமாஸ்தாவுக்கு நினைவு வரவில்லை.

"'வட்டாரத்துல கணக்கு குறையுது, நம்ம வீடாவது கை குடுக்குதே. அடுத்த வருஷமும் இதே மாசம் ஒண்ணு எழுதிடணும்'னு சொன்னீங்க. எல்லாரும் சிரிச்சாங்க. நீங்களும் சந்தோஷத்துலதான் சொன்னீங்க. எனக்கு உடம்பெல்லாம் ஜில்லுனு ஆயிடுச்சு."

"அது... வேடிக்கைக்குச் சொன்னதுடி."

"தெரியும். வேடிக்கைக்குச் சொன்னவர்கிட்டப் போய் எப்படிச் சொல்றது? நீங்க தூக்கத்துல கை போடுவீங்க. போட்டா எனக்கும்..." அவள் நிறுத்தினாள். "எனக்கும் ஆசை இல்லாம இல்லை. உங்களை மட்டும் நம்பலேன்னு நினைக்காதீங்க. என்னையே நான் நம்பல. அதான் போய் மாவுல கை வெச்சுக்கிட்டேன்."

வெளியே ஆலைச் சங்கு ஊதியது. அவள் எழுந்து ஊசியை எடுத்துத் துணியில் குத்திக்கொண்டாள்.

"இந்தக் காகிதம் போனா ஷிப்ட் அம்மா வேலை போயிடும். அவங்க போனா அத்தனை பேரும் பழையபடி பகலுக்கு வந்துடுவாங்க. அதுல எத்தனை பேர் காதுல மருத்துவச்சி அக்கா சொல்லியிருக்காங்களோ. குடுக்காட்டி நம்ம வீடு போயிடும், அதுவும் எனக்குத் தெரியும். நீங்களே யோசிச்சுக்கோங்க. மாவு காத்துக்கிட்டு இருக்கும், நான் போகணும்."

அவள் போன பிறகு குமாஸ்தா கட்டிலில் படுக்கவில்லை. மூன்று பெண்களுக்கும் சூப்பு ஊற்றிக் கொடுத்தார். உப்பு போட மறந்துவிட்டார். ஒருத்தியும் அதைச் சொல்லவில்லை. இத்தனை வருஷம் தெருவில் ஒவ்வொருத்தியின் நடையையும் பார்த்து மாதம் சொன்ன மனுஷன், சொந்த வீட்டில் ஒருத்தி தன்னைக் கண்டு பயந்து ராத்திரியெல்லாம் வெளியே ஓடினதைப் பார்க்கவில்லையே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது. விடிந்ததும் அந்தத் தடித்த காகிதத்தைச் சுருட்டி அடுப்பில் வைத்துப் பால் காய்ச்சினார். நன்றாக எரிந்தது.

மாத முடிவில் சுகாதார அதிகாரி வந்தார். ஒல்லியான ஆள், குடையும் மூக்குக்கண்ணாடியுமாக. அவரும் கெட்டவர் இல்லை. கணக்கு ஏன் இறங்குகிறது என்று அவருக்கும் குடைச்சல்தான். குமாஸ்தாவைக் கூட்டிக்கொண்டு எங்கள் தெருவில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்தார். கொடிகளைப் பார்த்தார், வீடுகளுக்குள் எட்டிப் பார்த்தார், தச்சரின் வெங்காயத் தொட்டிலையும் பார்த்தார். பதிவேட்டில் இல்லாத குழந்தை ஒன்றுகூட அகப்படவில்லை. பூனைக்குட்டிகள்தான் அகப்பட்டன.

அலுவலகத்துக்குத் திரும்பி வந்து நனைந்த குடையை மூலையில் சாத்தினார்.

"சரி, நீங்க எதையும் விடல. ஒத்துக்கறேன். ஆனா காரணம் வேணுமே. என்ன காரணம்?"

"தெரியலைங்க ஐயா."

"தெருவுல எல்லாரையும் தெரியும்ங்கறீங்க. இது தெரியலையா?"

"எங்க வீட்டுல என்ன காரணம்னே எனக்கு இப்பதான் தெரிஞ்சுது, ஐயா. அதைக்கூட நான் கேட்டுத் தெரிஞ்சுக்கல, அவளா சொன்னா. அடுத்த வீட்டுக் காரணத்தை நான் எப்படி எழுதறது?"

அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்களுக்கு எத்தனை?"

"மூணு பொண்ணுங்க. ஐயாவுக்கு?"

"ஒண்ணு" என்றார் அதிகாரி. கண்ணாடியை மாட்டப்போனவர் அப்படியே கையில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தார். அவருக்கும் ஏதோ ஒரு கேள்வி வீட்டில் கேட்காமல் கிடந்திருக்கும் போலிருக்கிறது. பிறகு 'காரணம் தெளிவாகத் தெரியவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

குமாஸ்தாவை இடுகாட்டுக்கு அனுப்பவில்லை. ஆனால் நகரசபை சும்மா விடுமா? இவ்வளவு குறைவாகப் பிறக்கிற வட்டாரத்துக்குத் தனியாக ஒரு எழுத்தர் எதற்கு என்று, ஓய்வு பெறப்போகிற பக்கத்து வட்டார எழுத்தரின் தெருக்களையும் இவர் தலையில் கட்டிவிட்டார்கள். வேலை இரண்டு பங்கு, சம்பளம் அதேதான். வீடு தப்பித்தது.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் அவர் ரொட்டிக் கிடங்கு வாசலுக்குப் போய் நின்றார். அங்கே அவர் போனது அதுதான் முதல் தடவை. மாவுத் தலையோடு வெளியே வந்த பெண்கள் அவரைப் பார்த்து ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டார்கள். "அடியே, தொட்டில் வந்திருக்கு, யாருக்குடி?" என்று ஒருத்தி கேட்டாள். அவர் சம்சாரம் கடைசியாக வந்தாள்.

"என்ன இங்கே? பொண்ணுங்களுக்கு ஏதாவது உடம்பு...?"

"ஒண்ணும் இல்லை. உன்னைக் கூட்டிக்கிட்டுப் போக வந்தேன்."

ரொட்டியை அவர் வாங்கிக்கொண்டார். வழியில் அதிகாரி வந்துபோன கதையைச் சொன்னார். அறிக்கையில் பால் காய்ச்சியதைச் சொன்னபோது அவள் நின்று அவர் முகத்தைப் பார்த்தாள், பிறகு நடந்தாள்.

மேலே போனதும் முதலில் அவள் கண்ணில் பட்டது கதவுதான். படிக்கட்டுப் பக்கம் இருந்த தாழ்ப்பாள் அங்கே இல்லை. இருந்த இடத்தில் திருகாணி ஓட்டைகள் மட்டும் இருந்தன. தாழ்ப்பாள் உள்பக்கம் ஏறியிருந்தது. கொஞ்சம் கோணலாக இருந்தது, குமாஸ்தாவுக்குத் தச்சுவேலை வராது.

"இது என்ன?"

"நான் இனிமே கீழ அலுவலகத்துல படுத்துக்கறேன். கட்டில் ராத்திரியும் பகலும் உன்னுது. உள்ளேயிருந்து நீ தாழ்ப்பாள் போட்டுக்கலாம். வெளியேயிருந்து என்னால திறக்க முடியாது." அவர் ரொட்டியை மேஜையில் வைத்துவிட்டு அவளைப் பார்க்காமல் சொன்னார். "ராத்திரி வேலைக்குப் போகணும்னு இனிமே கட்டாயம் இல்லை உனக்கு."

அவள் தாழ்ப்பாளைத் தள்ளிப் பார்த்தாள். திறந்து பார்த்தாள். மறுபடி தள்ளினாள்.

"நான் வேலையை விடமாட்டேங்க."

"ஏன்?"

"பயந்துக்கிட்டுதான் போனேன். ஆனா இப்போ எனக்கு அந்த வேலை பிடிச்சிருக்கு."

குமாஸ்தாவுக்கு இது எதிர்பாராத செய்தி. அவர் தலையை ஆட்டினார். அன்று பகல் பூராவும் அதையே யோசித்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் சாப்பாடு முடிந்து பெண்கள் பின்னறையில் சளசளவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். குமாஸ்தா ஒரு போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு கீழே இறங்கினார். பின்னால் கதவு சாத்தியது. தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது. படியின் நடுவில் நின்றுவிட்டார். அந்தச் சத்தம் அவருக்கு வலித்தது. இவ்வளவு நாளும் இந்தச் சத்தம் இல்லாததால்தான் அவள் ரொட்டிக் கிடங்குக்குப் போக வேண்டியிருந்தது என்று நினைத்ததும் கொஞ்சம் ஆறியது. கீழே போகாமல் திரும்பி ஏறி, கதவுக்கு வெளியே மேல்படியில் உட்கார்ந்தார்.

"தூங்கிட்டியா?"

"இல்லை. கதவுகிட்டதான் உட்கார்ந்திருக்கேன்." குரல் மிகப் பக்கத்தில், பலகைக்கு அந்தப் புறம் இருந்து வந்தது.

"ஒண்ணு கேக்கட்டுமா?"

"எழுதிக்க மாட்டீங்களே?"

"பை கீழ இருக்கு."

"அப்போ கேளுங்க."

எத்தனையோ வாசலில் நின்று எத்தனையோ பெண்களைக் கேள்வி கேட்டவர்தான். ஆணா பொண்ணா, என்னிக்கு, அப்பன் எந்தப் பிரிவு என்பதைத் தாண்டி அவருக்குக் கேட்கத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் போர்வை நுனியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"அந்த மாவு எப்படிப் பொங்குது?" என்று கேட்டார்.

உள்ளே அவள் சிரித்தாள். பிறகு சொல்ல ஆரம்பித்தாள். முதல் நாள் மாவிலிருந்து ஒரு பிடி எடுத்து வைப்பது, வெதுவெதுப்பான தண்ணீர் விடுவது, உள்ளங்கையின் அடிப்பாகத்தால் தள்ளித் தள்ளிப் பிசைவது, ஈரத்துணி போட்டு மூடி அடுப்புக்குப் பக்கத்தில் வைப்பது. பிசைந்து முடிக்கும்போது தோள்பட்டை கழன்றுவிடும்போல் இருக்கும் என்றாள். எந்தத் தோள் என்று கேட்டார். வலது தோள் என்றாள். அவருக்கு அது தெரியாது. தெருவிளக்கு ஏற்றுகிறவன் வந்து ஏற்றிவிட்டுப் போன பிறகும் அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள், அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது.